மாரின் மேல் வைத்த நோட்டுகள்

ஆவணி 9, திங்கள்.

இன்று ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா மலேயாவுக்குப் போய், ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில்பாதையில் செத்தவர்.

"அமாவாசைக்குப் பொதுவாத்தான் திதி குடுக்கறேனுங்கக்கா. எங்கய்யன் செத்த நாளு உங்க ஊட்டுக்காரர் நோட்டுல இருக்குதுன்னு இப்பத்தானுங்க கேள்விப்பட்டேன்."

என் வீட்டுக்காரர் மலேயாவில் ஜப்பான் மொழி படித்தவர். சண்டையின்போது அந்த ரயில்பாதையில் ஜப்பான்காரர்களுக்கும், முடிந்ததும் வெள்ளைக்காரர்களுக்கும் மொழிபெயர்த்தார். ஊர் வந்த பிறகும் ஜப்பான்காரர்களின் சடங்கு, பாட்டு என்று எழுதிக்கொண்டே இருந்தார், எல்லாம் அந்த எழுத்திலேயே. நான் ஐந்தாவதோடு நின்றவள். கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்பார். செத்துப்போன நம் ஆட்களின் பேரும் நாளும் அதில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

வெற்றிலை போடுகிறவர் செத்தால் பாடையில் வெற்றிலை வைத்து அனுப்புவோம். நான் அந்த நோட்டுகளைப் பாடையில் அவர் மாரின் மேல் வைத்தேன். அவரோடேயே எரிந்துவிட்டன.

பெரியவரிடம் அதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உங்க ஊட்டுக்காரரை என்னிக்குங்க எரிச்சாங்க?"

"ஆடி அமாவாசைக்கு மூணாம் நாளுங்க."

"எங்கய்யன் பேரும் அன்னிக்குத்தானுங்களே வெந்துச்சு. அந்த நாளையே வெச்சுக்கறேனுங்க."

நான் போட்ட காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

இவர் ஒருவருக்காவது ஒரு நாள் கிடைத்தது. இன்னும் எத்தனை பேரை அந்தப் பாடையில் நான் ஏற்றி அனுப்பினேனோ. அவர்கள் பிள்ளைகள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? வராமலே போனால், அது இன்னும் பாரம்.