சிவப்பைத் தொட்ட குரல்

அன்புள்ள பட்டுவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அந்தச் சௌக்கியத்தில் உன் அம்மாவின் தொண்டையை மட்டும் சேர்த்துக்கொள்ளாதே. அங்கே உன் உடம்பும் வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டு உம் கொட்டுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன். குரல் நாணில் முளைத்திருக்கும் கட்டியை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் பழைய குரல் திரும்புமா, வெறும் காற்றுதான் வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு, வீட்டில் ஊமைப்படம் ஓடுகிறது. கை ஜாடையிலேயே என்னை இரண்டு முறை திட்டிவிட்டாள், அதில் ஒன்று எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டியதற்கு மூன்றாவதாக ஒன்று விழுந்தது.

அம்மாவின் குரலை ஆபரேஷனுக்கு முன்னால் நல்லபடியாகப் பதிவு செய்து வை என்று நீ கேமராவும் மைக்கும் அனுப்பிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கண்ணாடிக் கடையில் இத்தனை காலம் லென்ஸ் தேய்த்தவனுக்குப் படம் எம்மாத்திரம் என்று ஒரு திமிர் வேறு. கேமராவை அதன் போக்கில் விட்டால் ஜன்னல் திரை அசையும்போதெல்லாம் அவள் முகம் ஒரு தரம் மஞ்சளாகவும் ஒரு தரம் நீலமாகவும் போயிற்று, அதனால் வெள்ளைத் தாளை முகத்தருகே பிடிக்கச் சொல்லி நிறத்தை அப்படியே பூட்டி வைத்தேன். அவளோ கையை வீசிப் பேசுகிறவள், ஆட்டோ ஃபோகஸ் கைக்கும் முகத்துக்கும் நாயாய் அலைந்தது, அதையும் நிறுத்திக் கண்ணில் ஃபோகஸ் வைத்து, நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடாதே என்றேன். வினாடிக்கு இருபத்தைந்து படம் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று நீ சொன்னபடி வைத்ததும் டியூப்லைட் துடிப்பது நின்றது. வெளிச்சம் போதாதென்று ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் மணல் தூவியதுபோல் வருகிறது, ஜன்னலுக்கு முதுகு காட்டினால் ஆள் கரிக்கட்டை, ஆகவே வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்பினேன். அவளுக்குப் பொறுமை போய், "நீங்க என்னைப் படம் எடுக்கறீங்களா, இல்ல கண்ணாடிக்கு அளவெடுக்கறீங்களா"ன்னு கேட்டாள்.

படத்தில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தவன் சத்தத்தில் கோட்டை விட்டேன். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன், மைக்கில் உரசாமல் இருக்க அவள் செயினைக் கழற்றச் சொன்னேன், சுவர் எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டேன், எல்லாம் சரி. ஆனால் ஹெட்போனைக் காதுக்கருவியின் மேல் வைத்தால் வீல் என்று கத்தியது. கருவியைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மட்டும் மாட்டினேன், அவள் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்ல, எனக்கு நன்றாகக் கேட்கும்வரை பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். திரையில் ஒரு பட்டை சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. ரெக்கார்டு ஆனால் சிவப்புப் புள்ளி எரியும் என்றாயே, இதுவும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். கடைப் பையனைப் பிடித்துப் பதிவை உனக்கு அனுப்பியும் வைத்தேன். படம் பிரமாதம்ப்பா, அம்மா குரல்தான் கிழிஞ்சு கிடக்கு, சிவப்பைத் தாண்டி வெட்டுப்பட்டதை யாராலும் ஒட்ட முடியாதுன்னு நீ சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இத்தனை வருஷமா நான் கத்தினது பத்தாதுன்னு மெஷினையும் கத்த வெச்சிட்டாரு" என்றாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான், அவள் பேசுவதற்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

அந்த நாளில் காதை நம்பவில்லை, கண்ணை நம்பினேன். பேச்சுக்குச் சத்த அளவுப் பட்டை சிவப்புக்குக் கீழே மைனஸ் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாதே, அவள் குரல் உயரும்போது இடம் வேண்டும் என்று நீ எழுதி அனுப்பியதை மனப்பாடம் செய்துகொண்டேன். மெல்லிய பேச்சை வைத்து அளந்துதான் முதல் முறை ஏமாந்தேன், அதனால் இந்த முறை சோதனைக்கே என்னைத் திட்டச் சொன்னேன். சும்மா திட்டுன்னா எப்படித் திட்டறது, ஏதாவது செய்ங்க என்றாள். ஈரத் துண்டைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டேன். அதன்பின் கேட்கவேண்டுமா, கல்யாணத்தில் என் பக்கத்து ஆட்கள் செய்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பட்டை சிவப்புக்குப் போகவில்லை. பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை, இருப்பதிலேயே நல்ல பகுதி அதுதான். அப்புறம் உன்னைப் பற்றிப் பேசினாள், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பூட்டிய வீட்டைத் திரும்பத் திறந்து மூன்று முறை தண்ணீர் குடித்தாயே, அதை. எனக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை, உதட்டையும் பட்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தம் மட்டும் வேண்டும் என்றாயே, அது மட்டும் நடக்கவில்லை, பத்து எண்ணுவதற்குள் ஃபிரிட்ஜைப் போட்டீங்களா, பால் கெட்டுப்போகும் என்கிறாள். அந்த அரை நிமிடத்தை நேற்று எடுத்தேன். எந்த இடைஞ்சலும் இல்லாமல் சுத்தமாக வந்திருக்கிறது, எனக்குத்தான் அதை எடுக்கப் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு நல்ல பதிவு உள்ள மெமரி கார்டு வருகிறது, வந்ததும் முதல் வேலையாக வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வை. நீயும் நாள் முழுவதும் திரையையே பார்க்கிறாய், கண்ணைப் பரிசோதித்துக்கொள், மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட லென்ஸைப் போட்டுக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நாளை மதியம் செய்தி அனுப்புகிறேன், அதுவரை மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, நான் இங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து உழப்பிக்கொண்டிருக்கிறேன். நீ நீடூழி வாழ வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், அம்மாவும் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறாள், இந்த ஜாடை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஒன்று மறந்துவிட்டேன். கெட்டுப்போன பதிவை அழித்துவிடு, இடம் அடைக்கும் என்றாய். இன்று கருவியைக் கழற்றி, ஹெட்போனில் சத்தத்தை ஏற்றி இரண்டையும் கேட்டேன். நல்ல பதிவில் ஒரு பெண்மணி தெளிவாக, இதமாகப் பேசுகிறாள், நீ கேட்டு வளர்ந்த அம்மா அவள்தான், பத்திரமாக வைத்துக்கொள். எனக்கு இந்தக் கருவி காதில் ஏறிய நாள் முதல் எந்தக் குரலும் ஓரம் பிய்ந்துதான் வருகிறது. காலையில் எழுப்புகிறவளும், சாப்பிடக் கூப்பிடுகிறவளும், இத்தனை வருஷம் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறவளும் அந்தக் கிழிந்த பதிவில்தான் இருக்கிறாள். அதை நான் அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா