பதினொரு நிமிடம் சிக்னல் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். நேற்று நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

கல்குவாரியைப் படமெடுக்க டிரோனை அனுப்பினோம். போகிற வழியை முன்பே பதிந்துவிட்டால் அது தானாகவே பறக்கும். குன்றுக்குப் பின்னால் போனதும் சிக்னல் போய்விட்டது. மேலாளர் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். "சிக்னல் போனா நேரா திரும்பி வரணுமே, எங்கே காணோம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேராக வந்தால் குன்றில் மோதுமே என்று, சிக்னல் போனாலும் பதிந்த வழியில் போய் வேலையை முடித்துவிட்டு வரும்படி முந்தின நாளே மாற்றிவைத்தவள் நான்தான். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்! சொன்னதும், "யாரைக் கேட்டு மாத்தினே?" என்று குதித்தார்.

பதினோராவது நிமிடம், குன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு புள்ளி வந்தது அப்பா! ஒரு படம்கூட விடுபடவில்லை. "இனிமே எதை மாத்தினாலும் வாயத் திறந்து சொல்லும்மா" என்று தன் டீயை என்னிடம் நீட்டினார்.

அடுத்து அனுப்பும் பார்சலில் என் பழைய போர்வையையும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

போன வாரம் பேச்சின் நடுவில் லைன் போனதும் வெகுநேரம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தீர்களாமே, அம்மா சொன்னாள். லைன் போனால் பயப்படாதீர்கள். வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன்.

வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். அந்த ஹலோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்