ஐந்தாவது படி

மார்ச் 3, திங்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புது டாக்டர் வந்தார். வந்ததும் வராததுமாகப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். ஓடோரைநோலாரிங்காலஜி. ஆஸ்பத்திரி மைக்கில் நோயாளிகளைக் கூப்பிடுகிறவள் நான். இனி இந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். மூன்று முறை முயன்றேன், மூன்று விதமாக வந்தது.

மேற்பார்வையாளரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். சரியா வரலன்னா கீழ ரெக்கார்டு ரூமுக்குப் போயிடு."

ஜன்னல்கூட இல்லாத அறை. அங்கே யாரிடம் வாயடிப்பேன்? பேசாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 4

அக்கா நர்ஸ். போனில் சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னாள். "முழுசா முழுங்கப் பாக்காதடி. ஓடோன்னா காது, ரைநோன்னா மூக்கு, லாரிங்னா தொண்டை, மிச்சம் படிப்பு. ஒவ்வொரு அசையா பிரிச்சுக்கோ."

எண்ணினேன். ஒன்பது அசை. ரெக்கார்டு ரூமுக்கு இறங்கும் படியும் ஒன்பது. படிக்கு ஓர் அசை என்று சாப்பாட்டு நேரம் முழுக்க ஏறி இறங்கினேன். முழங்கால் விட்டுப்போச்சு.

மார்ச் 5

ஓ-டோ-ரை-நோ-ரிங்-கா-ல-ஜி. பல் தேய்க்கும்போதும் அதேதான். "யாரத் திட்டுற?" என்றார் கணவர்.

மார்ச் 6

மானம் போச்சு. மைக்கில் கம்பீரமாகச் சொன்னேன்: ஓடோரைநோரிங்காலஜி. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "காதும் மூக்கும் வந்துடுச்சு. தொண்டையில பாதியக் காணோமேம்மா?" வரிசையே சிரித்தது.

நேற்று எழுதியதைப் புரட்டினேன். அதிலும் 'லா' இல்லை. எங்கே போய்த் தொலைந்தது?

படியில் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது படி உடைந்து கிடக்கிறது. எல்லோரையும் போல நானும் அதைத் தாண்டித்தான் கால் வைப்பேன். கால் தாண்டினால் வாயும் தாண்டுமா? தாண்டியிருக்கிறதே, கழுதை.

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே போய், உடைந்த படியில் நின்று இருபது தடவை "லா". துடைப்பத்தோடு வந்த துப்புரவு அக்கா, "பாட்டு கிளாஸா?" என்றாள்.

பத்து மணிக்கு மைக். பக்கத்தில் மேற்பார்வையாளரம்மா. ஒன்பதும் வந்தது, முத்து முத்தாக. அவர் "ம்" என்றார், அவ்வளவுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே. "மேடம், நீங்க ஒருதடவ சொல்லிக் காட்டுங்களேன். நான் சொன்னது சரியான்னு பாத்துக்குறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போன் அடிக்கவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

மைக் இன்னும் என்னிடம்தான். மதியம் ஒரு கோப்பு வாங்கக் கீழே போனேன். படியில் எனக்கு முன்னால் மேற்பார்வையாளரம்மா. கைப்பிடியைப் பிடித்து, "ஓ, டோ, ரை" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவதைத் தாண்டிக் கால் வைத்தார்.

இந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.