கழுத்தில் கயிறு கட்டிய மீன்

பெர்கன்
ஜூன் 14

அன்பு மகள் சிக்னேவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், அப்பாவுக்கு மட்டும் என்மேல் கோபம். நேற்று இங்கே ஒரு காட்சிக்கூடத்திலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. அப்பா தொலைபேசியில் உன்னிடம் புலம்புவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். சிலியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சால்மன் பண்ணைக்குப் படகில் போகும்போது கம்பளி உள்ளாடை இல்லாமல் போகாதே.

"நாப்பது வருஷம் கருவாடு வித்தது போதும்மா, ஒரு தடவை சுற்றுலாக்காரியா போய்ட்டு வா, அங்க போய் யாவாரம் மட்டும் பேசாத" என்று சொல்லித்தானே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய். மூன்று நாள் உன் சொல்லைக் காப்பாற்றினேன். மழையில் நனைந்தேன், மலை ரயிலில் ஏறினேன், மீன் சந்தையில் ஒரு கிண்ணம் சூப்புக்குச் சொன்ன விலையைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. விடுதிக்காரர், "நாங்க நார்வேக்காரங்க இல்ல, பெர்கன்காரங்க" என்று பீற்றிக்கொண்டபோதுகூடச் சிரித்து வைத்தேன்.

நேற்று துறைமுகத்தில் காட்சிக்கூடமாக்கிய பழைய வணிகர் வீடு ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார்கள். வழிகாட்டி சீவர்ட் என்ற மாணவன், நல்ல முகம். உத்தரத்தில் வடக்கே நம் லோஃபோட்டன் தீவுகளில் காய்ந்த மீன் தொங்கியது. அதைக் காட்டி, "இது முதல் தரம். வடக்கத்தி ஆளுங்களுக்குத் தரமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. வியாபாரி சொன்னத நம்பிட்டுப் போவாங்க" என்றான். கூட்டம் சிரித்தது. என் தாத்தா ஒவ்வொரு கோடையும் மீன் ஏற்றிக்கொண்டு வந்த துறை இது, நான் எப்படிச் சும்மா இருப்பேன்? "தம்பி, தரம் பேசறியே, கழுத்துல கயிறு கட்டி மீனைத் தொங்கவிட்டது யாரு? வாலோட வால் கட்டிச் சோடியாத் தொங்கவிட்டாத்தான் மழைத்தண்ணி வயித்துல தங்காம வடியும்" என்றேன். "பொருளைத் தொடாதீங்கம்மா" என்று அவன் பதறுவதற்குள் மீன் என் கையில். கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன், முகர்ந்தேன். காயும்போது உறைபனி பட்டுப் பஞ்சாய்ப் போன மீன். "எங்க ஊர்ல இதப் பூனைக்குப் போட்டா, பூனை வீட்ட விட்டுப் போயிரும்" என்றேன். இந்த முறை கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

மேலாளர் லிவ் வந்தாள். "முப்பது வருஷமா இப்படித்தான் தொங்குது, யாரும் குறை சொல்லல, நீங்க கிளம்புங்க" என்றாள். நான் கயிற்றுத் தடுப்பைத் தாண்டி அந்தக் காலத்து வியாபாரியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, "குன்வோர், நம்ம சுற்றுலாப் படகு கிளம்பிரும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வெளியே மழையில் போய் நின்றார். யாரோ கேட்டதற்கு, "அந்தம்மா யாருன்னே தெரியாது" என்றாராம்! படகு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. போகட்டும்.

பத்து வயதில் மீன் நாக்கு அறுத்து விற்றுத் தொடங்கியவள் நான். முப்பத்திரண்டில் தரம் பிரிக்கும் மேடையில் ஏறியபோது, "பொம்பள மூக்குக்கு என்ன தெரியும்" என்றார்கள். கருவாட்டின் இருபது தரத்தையும் அந்த மூக்கால்தான் பிரித்தேன், அந்தச் சம்பாத்தியத்தில்தான் நீ படித்தாய். லிவ்விடம் சொன்னேன், "தராசு வியாபாரி கையில இருந்துச்சு. ஏமாத்தினாங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க." அவள் மீனை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு காப்பி கொண்டுவரச் சொன்னாள். சீவர்ட்தான் கொண்டுவந்தான், இலவங்கப்பட்டை ரொட்டியும் சேர்த்து. "மோந்து பாக்கச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டான், முதலில் மீன் கழுத்துக்குள் விரலை விடு என்றேன்.

உன் சொல்லை மீறினேன், வருத்தமில்லை. நீயும் பண்ணையில் எவனாவது உனக்குத் தெரியாது என்று சொன்னால் இடத்தைவிட்டு எழுந்துவிடாதே. நோயில்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீடூழி வாழ்க. கம்பளியை மறக்காதே.

உன் அம்மா,
குன்வோர்

பி.கு. நாற்பது வருஷத்தில் ஒரு வால்கூட இனாமாகக் கொடுத்தவளில்லை நான். லிவ்வும் நானும் கையெழுத்துப் போட்டது இது: முதல் தர மீன் இருபது சோடி, என் செலவில், செப்டம்பரில் நானே வந்து கட்டித் தொங்கவிடுவது. அதற்கு விலை, சீவர்ட் சொன்ன அந்த வாக்கியம் இனி அந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.