பின்னிணைப்பு நான்கு

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. துவைத்த துணி இன்னும் கொடியில். அறை முழுக்க ஈர நாய் வாசனை.

பாலிகஞ்ச்சில் ரயில் பிடித்து சியால்டா, அங்கிருந்து நடை, மைதானம். ஒரே சேறு. ஆனாலும் ஆடினோம். பந்து இரண்டுதான். ஒன்று நல்லது, இன்னொன்று ஆட்டம் சூடு பிடிக்கும்போது காற்று இறங்கிவிடும். வசந்தி அக்கா (இனி வ.அ.) தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு விசில் ஊதினாள். பிள்ளைகள் வாயில் அவள் பெயர் "பாஷொந்தி தி"; தி என்றால் அக்கா. எனக்குப் பாசுந்தி ஞாபகம் வந்து பசி எடுக்கிறது. முத்து என்ற என் பெயர் இங்கே மிட்டு.

வ.அ. தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விடிந்ததும் இந்த ஏரியாப் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால், அதற்குச் சம்பளம் கிடையாது. இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் என்று எழுதினால் அம்மா அழுவாள்.

நியூ டவுனில் எங்கள் ஆபீசுக்குப் புதுத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. ஊர் நடுவே அரசு நிலத்தில் பெரிய உள்விளையாட்டு அரங்கம். லீக் அணி வைத்திருக்கும் கம்பெனி கட்டும். அரசு நிலமும் செலவில் ஒரு பங்கும் தரும். எவ்வளவு பங்கு என்பதுதான் பேச்சு. நாங்கள் அரசுப் பக்கத்து ஆலோசகர்கள்.

வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் மைதானம்.

ஜூலை 8, செவ்வாய்

வ.அ.விடம் பயந்து பயந்து ஆரம்பித்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும், பேப்பரில் பார்த்திருக்கிறாள். சந்தோஷப்படுகிறாள்!

"ஆரே முத்து, தலைக்கு மேல கூரை! மரத் தரை! வர்ஷாவில, கொட்டுற மழைல கூட பிள்ளைங்க ஆடலாம். காலைல ரெண்டு மணி நேரம் நமக்குக் கொடுத்தாப் போதும், மத்த நேரம் அவங்க சர்க்கஸ் வேணும்னாலும் நடத்தட்டும்."

ஒப்பந்த வரைவில் அது இருக்கிறது. அரசு பணம் போடுவதால் தினமும் காலையில் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று ஒரு விதி. வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சும்மா சிரித்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: குடை (மறுபடியும்), முழங்கால் பட்டை, நல்லெண்ணெய்.

ஜூலை 10, வியாழன்

முதல் கூட்டம். ஏசி குளிர், மேலே துப்பட்டா சுற்றிக்கொண்டு குறிப்பெடுத்தேன். அரசுப் பக்கம் இணைச் செயலர் மேடம். எதிரே கம்பெனியின் வக்கீல், நல்ல ஷூ.

காலை நேர விதியில் வக்கீல் தொங்கினார். மரத் தரை கெடும். யாராவது விழுந்தால் பொறுப்பு யாருக்கு. தினமும் எதற்கு, வாரம் ஒரு நாள் போதாதா. மேடம் "பார்க்கலாம்" என்றார். இங்கே "பார்க்கலாம்" வந்தால் அடுத்து டீ வரும். வந்தது.

டீ நேரத்தில் என் மேலாளர் அரிந்தம் தா (இங்கே அண்ணனுக்குத் தா) தனியே கூப்பிட்டார். சண்டை வரும் விஷயத்தை ஒப்பந்தத்தின் நடுவில் வைக்காதே, பின்னிணைப்புக்குத் தள்ளு, அங்கே யார் கண்ணும் படாது என்றார். நல்ல யோசனையாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டேன். பின்னிணைப்பு நான்கு. 'தினமும் காலை' அப்படியே. ஒரு எழுத்துக் குறையவில்லை.

ஒரு குழந்தையைத் திருவிழாக் கூட்டத்திலிருந்து ஓரமாக இழுத்து நிறுத்தியது போல நிம்மதி.

ஜூலை 12, சனி

மைதானத்தை ஒட்டிய பாரா க்ளப்பில் (பாரா என்றால் பேட்டை) தெருக்காரர்கள் கூட்டம். அவர்கள் சம்மதம் இல்லாமல் வேலை ஆரம்பித்தால் மறியல் வரும் என்று அரசுக்குப் பயம். க்ளப் தலைவர் ஒரு கிழவர், எல்லோருக்கும் தாது, அதாவது தாத்தா; அவருக்கு அரங்கமே பிடிக்கவில்லை. பூஜைப் பந்தல் எங்கே போடுவது? இவர்களை நம்பலாமா?

வ.அ. எழுந்தாள். வங்க மொழியில், எனக்குப் புரிந்த அளவில்: உள்ளே நம் பெண்களுக்கு இடம் உண்டு, நான் பொறுப்பு.

உட்காரும் முன் என் பக்கம் குனிந்து தமிழில், "நிஜமாவே எழுத்துல இருக்கா?"

"இருக்குக்கா. நானே எழுதினேன்."

விதி மீறல்தான். சொல்லிவிட்டேன்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக தாது. போகும்போது வ.அ. தோளைத் தட்டி, பாஷொந்தி, உனக்காகத்தான் என்றார்.

அம்மா போன். "ஏட்டி, அந்த ஊர்லயே குடியிருந்துருவியோ? வயசு நிக்குமா?" மழை, சத்தம் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது.

ஜூலை 16, புதன்

எப்படி எழுதுவது.

கம்பெனி அரசுப் பங்கைக் கூட்டச் சொன்னது. நிதித்துறை மாட்டேன் என்றது. மதியம்வரை முட்டல். சாப்பாட்டுக்குப் பின் சந்தேஷ் இனிப்பைத் தின்றுகொண்டே சமாதானம்: அரசுப் பணத்தைக் கூட்டுவதில்லை, பதிலாகக் கம்பெனியின் கடமைகள் குறையும். ஒப்பந்தம் சுருக்கமாக இருக்கட்டும். பின்னிணைப்புகள் எதுவும் இப்போது வேண்டாம், கையெழுத்துக்குப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

வாய் திறந்தேன். மேடம், காலை நேரம்?

"அது எங்கே இருக்கிறது?"

"பின்னிணைப்பில், மேடம்."

"அப்போது அதுவும் பிறகு."

அவ்வளவுதான். பக்கம் புரண்டது. நடுவில் விதியாக இருந்திருந்தால் வக்கீல் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், மேடம் மறுத்திருப்பார், அல்லது பதிலுக்கு எதையாவது பிடுங்கியிருப்பார். கேட்காமலேயே போய்விட்டது. கண் படாத இடத்தில் வைத்தேன். யார் கண்ணும் படவில்லை.

ஜூலை 17, வியாழன்

பயிற்சிக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று வ.அ.வுக்கு மெசேஜ். "ஐஸ் வை. சுடு தண்ணி வேண்டாம்" என்று பதில். அழுகை வந்தது.

ஜூலை 21, திங்கள்

மேடத்தின் அறை வாசலில் நெடுநேரம். உள்ளே கூப்பிட்டதும் ஒரே மூச்சில் சொன்னேன். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வரியைச் சேர்த்தால் அவர்களும் பத்து வரி சேர்ப்பார்கள், எல்லாம் முதலிலிருந்து என்றார். "பிறகு" என்பது எப்போது மேடம்? டீ சாப்பிடுகிறாயா என்றார்.

இறங்கும்போது குடையை அங்கேயே மறந்துவிட்டேன். திரும்பப் போக மனமில்லை.

ஜூலை 24, வியாழன்

டாலிகஞ்ச், வ.அ. வீடு. என்னைப் பார்த்ததும் "முட்டி எப்படி இருக்கு?" மிளகு ரசம் வைத்திருந்தாள். சாப்பிடும் முன் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முழுவதும். பின்னிணைப்பு, ஏன் மாற்றினேன், எப்படிப் போனது.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கடைசில வச்சியா?"

"பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நாங்க எல்லாரும் போய் அந்த வாசல்ல உக்காந்திருப்போம். பிள்ளைங்க, அவங்க அம்மாமாரு, தாது, எல்லாரும். ஓரத்துல ஒளிச்சு வைக்கிற பொருளா அது?"

தண்ணீர் டம்ளரை நகர்த்தினேன்.

"தாது கை தூக்கினது என் மூஞ்சியப் பார்த்து." பிறகு கொஞ்ச நேரம் வங்க மொழியில் ஏதோ, என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு, "சாப்பிடு. ஆறிப்போகுது."

சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. அது இன்னும் அவமானமாக இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது: "நாளைக்கு வராதே, முத்து. பிள்ளைங்க கேப்பாங்க. உனக்குப் பொய் சொல்ல வராது."

திட்டியிருக்கலாம்.

ஜூலை 28, திங்கள்

கையெழுத்து. பூங்கொத்து, போட்டோ, ரசகுல்லா. நான் இரண்டாம் வரிசை, பாதி முகம்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அரிந்தம் தா என்னைக் காட்டினார்: சிக்கலான விஷயத்தை எங்கே வைப்பது என்று மிட்டுவிடம் கற்றுக்கொள்ளுங்கள். கைதட்டல். நானும் சிரித்தேன் போல. போட்டோவில் சிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூறல். பழக்கத்தில் விழிப்பு. போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் ரயில் ஏறினேன்.

மைதானத்தைச் சுற்றித் தகரம். உள்ளே இயந்திரம் இரைகிறது. பின்பக்கச் சந்தில் பிள்ளைகள் சத்தம். விளக்குக் கம்பத்துக்கும் ஒரு ஜன்னல் கம்பிக்கும் நடுவே வலை. வண்டி வரும்போதெல்லாம் இரண்டு பேர் வலையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், டாக்சி குனிந்து போகிறது, மறுபடி ஆட்டம். வ.அ. நடுவில், தலையில் அதே பிளாஸ்டிக் பை.

டீக்கடை மறைவில் நின்றேன். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. நல்ல பந்து. எடுத்தேன்.

பிள்ளைகளில் ஒருத்தி, ரிங்கு, பார்த்துவிட்டாள். "மிட்டு தி! சர்வீஸ் போடு!" எல்லாப் பிள்ளைகளும் திரும்பிச் சிரித்தார்கள். நான் செய்ததை வ.அ. இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

வ.அ. என்னைப் பார்த்தாள். பிறகு ரிங்குவிடம், அமைதியாக, மற்ற பந்தை எடு என்றாள்.

காற்று இறங்கும் பந்தை வைத்துத்தான் ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் அது எழும்பவில்லை. விசில் ஊதி முடித்துவிட்டாள்.

நல்ல பந்தைக் கொடுக்காமலே வந்துவிட்டேன்; இங்கே, என் மேசை மேல். துடைத்துவிட்டேன்.