இரண்டு வீட்டு மீன் குழம்பு

9 ஜூன் 2025, திங்கள்

ஆரோக்கியராஜ் சார் போனில் புது வேலையை என் தலையில் கட்டினார். பிரிந்து நிற்கும் கணவன் மனைவியைக் கோர்ட்டுக்குப் போகும் முன் உட்காரவைத்துப் பேசுகிற திட்டம் ஒன்று கடலூரில் நடக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு ஏதாவது நன்மை உண்டா என்று நான் பார்த்து மதிப்பீடு எழுத வேண்டும். "பாக்கத்தான் போறீங்க இளவரசி. வாயத் தொறக்கவே கூடாது" என்றார். இதை என்னிடம் சொல்கிறார்! பக்கத்தில் நின்று கேட்ட கார்த்திகேசன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே — கட்டிய புருஷனா இவர்?

15 ஜூன், ஞாயிறு

முதல் குடும்பம். கடலூர் செம்மண்டலத்தில் திலகவதி, தையல் கடை வைத்திருக்கிறாள். மகள் அனுப்பிரியா மூன்றாம் வகுப்பு. புருஷன் ஜெயசீலன் இங்கே எங்கள் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறார். பிள்ளை தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் பிடிவாதம். ஒத்துவராவிட்டால் ஜூலை பதினேழாம் தேதி கோர்ட். அங்கே பிள்ளையைக் கூப்பிட்டு, "யாரோட இருக்கப் போற?" என்று கேட்பார்கள்.

"அந்தாளுக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியாதுக்கா. எம்பொண்ணுக்கு என்னாத்தப் போடுவாரு?" என்று சொல்லிக்கொண்டே திலகவதி எனக்கு இலை போட்டாள். தீர்ப்பு சொல்லப் போகிறவளே நான்தான் என்று நினைத்திருக்கிறாள். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சங்கரா மீன் குழம்பு. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினேன்.

அப்புறம் பிள்ளையிடம் என் கேள்விகள். "வீட்டுல உனக்கு யார ரொம்பப் புடிக்கும்?" என்றேன். கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களுமா ஆன்ட்டி?"

இந்தக் கேள்வியை எழுதியது யார்? நான்தான். அறிவு இருக்கா எனக்கு?

16 ஜூன்

அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

ஜெயசீலன் வீடு. நான் கடலூரில் சாப்பிட்ட சேதி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "அங்க சாப்ட்டுட்டு இங்க சாப்புடலன்னா என்னா மேடம் ஞாயம்?" என்று மடக்கினார். செல்போனில் வீடியோ பார்த்து அவரே வைத்த குழம்பாம். புளி ஜாஸ்தி. மீன் முழுக்கக் கரைந்து முள் மட்டும்தான் மிச்சம். கையில் இரண்டு இடத்தில் கொப்புளம்.

"எப்புடி மேடம்?"

ஸ்கூல் பையன் மார்க்குக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார். நல்லாயிருக்கு என்றால் பொய். இல்லை என்றால் பாவம். "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

மதியம் கடலூர், சாயங்காலம் சிதம்பரம். ஒரு வீட்டில் கை நனைத்தால் இன்னொரு வீட்டிலும் நனைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாரபட்சம் ஆகிவிடும். திரும்பி வருகையில் பிளவுஸ் கொக்கி தெறித்தது. "மதிப்பீடு நல்லா வளருது" என்கிறார் கார்த்திகேசன். பேச்சே கிடையாது அவரோடு.

2 ஜூலை, புதன்

திட்டத்தின் ஆலோசகர் சௌந்தரம் அம்மாவைப் பார்த்தேன். ஐந்து சிட்டிங் முடிந்துவிட்டது, ஜெயசீலனும் திலகவதியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்களாம். மனதில் உள்ள கோபத்தை எரிமலையாக வரையச் சொன்னால், திலகவதி எரிமலைக்கு மீசை வைத்தாளாம்.

இருவருமே அங்கே இருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் யார் வீட்டுக்கு வருகிறேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "ரெண்டு பேரும் இங்கயே எடுத்தாந்துடுங்க! எனக்கு இருக்கறது ஒரே வயிறு!"

வாயைத் திறந்தாயிற்று. ஆரோக்கியராஜ் சாருக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

6 ஜூலை, ஞாயிறு

சௌந்தரம் அம்மாவின் ஆபீஸ் கூடம். ஜெயசீலன் பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், சட்டை முழுக்கக் குழம்பு. ஒரே இலையில் இந்தப் பக்கம் அவள் குழம்பு, அந்தப் பக்கம் அவர் குழம்பு. எதிரே அனுப்பிரியா.

"உண்மையச் சொல்லுங்க மேடம். யாரு வச்சது நல்லாருக்கு?"

"பயப்படாம சொல்லுங்கக்கா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

இருவரும் என் முகத்துக்கு நேரே குனிந்து நிற்கிறார்கள். சோற்றைப் பிசைகிறேன், பிசைகிறேன், பிசைந்துகொண்டே இருக்கிறேன்.

"அவுங்கள அப்புடிக் கேக்காதீங்க." அனுப்பிரியா. முள் எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாவம். அவுங்க என்னா சொல்லுவாங்க?"

ஜெயசீலன் கரண்டியோடு அப்படியே நின்றார். திலகவதி முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கொஞ்ச நேரம் கழித்து, திலகவதி அவர் குழம்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"புளியக் கொறைங்க. புள்ளைக்கு நாக்கு வெந்துடும்."

"எவ்ளோ போடணும்?" என்றார் அவர்.

17 ஜூலை, வியாழன்

கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. நேற்றே சௌந்தரம் அம்மா முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட நாளில் அம்மாவிடம், வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறுவரை அப்பாவிடம். சேர்ந்து வாழப் போவதில்லை, அதில் இருவரும் உறுதி. அனுப்பிரியாவுக்கு இன்று கணக்குப் பரீட்சை. அவளை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, கணக்கைத் தவிர.

"எந்த சிட்டிங்ல மாறுனாங்கன்னு கரெக்ட்டா எழுதுங்க" என்கிறார் ஆரோக்கியராஜ் சார். கடவுளே, என்னத்தை எழுத?

வீட்டுக்கு வந்தால் கார்த்திகேசன் சமாதானத்துக்கு ரசம் வைத்திருந்தார். ஒரு வாய் சாப்பிடுவதற்குள், "உண்மையச் சொல்லு. எங்கம்மா ரசம் நல்லாருக்குமா, என்னுதா?" என்றார்.

"அப்புடியெல்லாம் கேக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.