ஈர்க்கால் அளந்த பாதம்

பதுளை
12.06.2024

அன்புள்ள தம்பி கிருஷ்ணராஜுக்கு,

கனடாவில் நீயும் குடும்பமும் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். அக்காவின் காலைப் படத்தில் கண்டுவிட்டு நீ எழுதியது கிடைத்தது. "பக்கத்திலேயே இருந்த நீங்க இத்தன வருசமா எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்ற வரியை நான்கு தடவை வாசித்தேன். பதினொரு வருடமாக இந்தப் பக்கம் வராதவனின் கேள்வி இது என்பதை மட்டும் குறித்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

முதலில் நோயை விளங்கிக்கொள். அது கட்டியல்ல, புதிதாக முளைத்த எலும்புமல்ல. பெருவிரலுக்குப் பின்னுள்ள எலும்பு மெல்ல மெல்லப் பாதத்தின் உள்விளிம்புப் பக்கம் விலக, விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்கிறது. நடுவில் மூட்டுப் புடைத்து நிற்கிறது. டாக்டர் றுஸைனா படம் வரைந்தே காட்டினார். பிறவியிலேயே அமைந்த கால் ஒரு காரணம். முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து அதை மோசமாக்கும். விரல்களுக்கு இடம் விடும் மிருதுவான சப்பாத்து, உரசாமலிருக்கச் சிறு மெத்தை, வலிக்கு மருந்து, ஓய்வு. அவற்றுக்கும் அடங்காவிட்டால்தான் சத்திரசிகிச்சை.

நீ பார்சலில் அனுப்பிய பட்டி ஒரே மாதத்தில் விரலை நேராக்கிவிடும் என்று தொலைபேசியில் உறுதி கூறினாயாம். வலியைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, விலகிய எலும்பை அது நிமிர்த்தாது என்கிறார் டாக்டர். அக்கா அதை இறுக்கிக் கட்டி, மேலே சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். இப்போது விரலிடுக்கில் புண். கழற்றச் சொன்னால், "சின்னவன் அம்புட்டுத் தூரத்துலேருந்து அனுப்புனது, சும்மா வைக்கவா?" என்கிறாள். யாரைக் கேட்டு அனுப்பினாய்?

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

அட்டைக்கடி தாங்காமல் தேயிலைக் கொழுந்துமலைக்குச் சப்பாத்து வேண்டுமென்று அக்கா கேட்ட வருடத்திலிருந்து நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன் அவள் இருக்கும் தோட்டத்து லயத்துக்குப் போவேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அவள் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை வைத்து முறித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போவேன். பதினெட்டுத் தீபாவளி, பதினெட்டுச் சோடி. நீளம் ஒருமுறையும் பிழைத்ததில்லை. அகலத்தை நான் அளக்கவேயில்லை. நான் கணிதப் பட்டதாரி.

சப்பாத்துக் கடை ஸலீம் நானா சொல்லவும் செய்தார். "என்ன மாஸ்டர், இந்த வருசமும் ஈர்க்கா? ஈர்க்குக்கா சப்பாத்து போடப் போறீங்க? அக்காவ ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன்" என்று சிரித்தார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. என் மாணவர்களின் பெற்றோர் நிற்கும் கடையில், வெடித்துக் கறுத்த பாதத்தை நீட்டிக்கொண்டு அவள் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவதை நான் விரும்பவில்லை. அவள் பறித்த கொழுந்தில்தான் நாம் இருவரும் படித்தோம்.

எப்போதிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்க" என்றாள். டாக்டர் தரையில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீடு திரும்பும்போது, கடைக்கு என்னோடு வரும்படி அழைத்தேன். "நான் வந்தா ஒனக்கு நல்லா இருக்காது தம்பி. நீ வழக்கம்போல ஈர்க்க வச்சே அளந்துக்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பதினெட்டு வருடமும் காலை நீட்டியிருக்கிறாள்.

நேற்றும் அதே சப்பாத்தோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போயிருக்கிறாள். இப்படியே விட்டால் லயத்து வாசற்படி இறங்கவும் ஆள் வேண்டியிருக்கும். என் அழைப்பை அவள் நம்பவில்லை; நம்பக் காரணமும் இல்லை. உன் சொல்லைத் தட்டமாட்டாள். இதை வாசித்ததும் அவளோடு பேசு. பட்டியைக் கழற்றச் சொல். அண்ணன் இந்தத் தடவை மனதாரத்தான் கூப்பிடுகிறான், கூடப் போ என்று சொல். பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. நான் மறுத்து எழுதமாட்டேன்.

உன் பிள்ளைகள் நல்ல சுகத்தோடு வளரட்டும். அவர்களுக்குச் சப்பாத்து வாங்கும்போது, கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ.

உன் அண்ணன்,
வீரசிங்கம்